இலங்கை மலையகத்தில் பறவை பார்க்க: எங்கே, யாரோடு, எதிலிருந்து தொடங்குவது

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். துபாயில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் லீவு நாட்களில் ஒரு குழுவோடு பாலைவனப் பக்கம் போய்ப் பறவை பார்த்துப் படம் அனுப்புகிறாராம். “மணல் மட்டும் இருக்கிற இடத்திலேயே இத்தனை பறவை, இத்தனை ஆட்கள். இவ்வளவு பச்சையாக இருக்கிற நம்முடைய மலையில் நான் ஏன் ஒன்றையும் காண்பதில்லை? எங்கே போக வேண்டும்? தமிழில் பேசுகிற குழு ஏதாவது இருக்கிறதா?” என்று எழுதியிருக்கிறார். கூடவே, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஓடைப் பக்கம் இருட்டுகிற நேரத்தில் சீழ்க்கை அடிக்கும் கறுப்புக் குருவி எது என்றும் ஒரு வரி. இதை இரண்டு முறை வாசித்தேன். வாகனமும் பெரிய கமெராவும் இல்லாத, தோட்டத்திலேயே வாழ்கிற ஒருவர் இதற்குள் வர முடியுமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முடியும். எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். பறவையியலில் பட்டம் எதுவும் இல்லை. 27 வருடமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்ததுதான் என் படிப்பு. அதுவும் ஹட்டன், நுவரெலியா, வெலிமடை ஆகிய மூன்று பக்கங்களில்தான். நக்கிள்ஸ் மலைகளுக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசமாட்டேன்.

முதலில் அண்ணனின் பாலைவனம். அங்கே பறவை நிறையக் கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் சில இடங்களில்தான் உண்டு; பறவையும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து தெற்கே வலசை போகிறவை, மணலுக்கு நடுவே தெரிகிற எந்தப் பசுமையிலும் இறங்கி இளைப்பாறும். மறைந்துகொள்ள மரமும் குறைவு. துபாய் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ராஸ் அல் கோர் சரணாலயத்தில் பூநாரைகள் திறந்த சேற்றில் நிற்பதை மறைவிடத்தில் இருந்து யாரும் பார்க்கலாம். நம்முடைய மலை இதற்கு நேர்மாறு. தண்ணீர் எங்கும் ஓடுகிறது, இலை எங்கும் மறைக்கிறது, மூடுபனி வேறு. காட்டுக்குள் நம் பறவைகள் பல இனங்கள் சேர்ந்த கூட்டமாகத் திரியும். அரை மணி நேரம் நடப்பீர்கள், ஒரு இறகைக்கூடக் காணமாட்டீர்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்குள் வெள்ளைக்கண்ணியும் பட்டாணிக்குருவியும் சிலம்பன்களும் ஒன்றாக வந்து தலைக்கு மேலே கடந்து போய்விடும். அதனால் இங்கே முதலில் பழக வேண்டியது காது. ஒரு மாதம் பைனாகுலரே இல்லாமல், காலையில் வாசலில் பத்து நிமிடம் நின்று எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற தேயிலை மலை பறவைக்குப் பெரிய வீடு இல்லை. ஒரே செடி, இடுப்பளவு உயரம், கவ்வாத்து, மருந்து. அங்கே பறவை குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தோட்டம் என்றால் தேயிலை மட்டுமா? சவுக்கு மரங்கள், பூத்திருக்கும் முள்முருங்கை, பள்ளத்து ஓடை, துரை பங்களாவுக்குப் பின்னால் விட்டுவைத்த காட்டுத்துண்டு, லயத்தைச் சுற்றிய மரக்கறிப் பாத்தி எல்லாம் சேர்ந்ததுதானே தோட்டம். பறவை இந்த ஓரங்களில்தான் இருக்கிறது. முள்முருங்கை பூக்கும் காலத்தில் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தேன்சிட்டு, கிளி, மைனா, கொண்டைக்குருவி என்று மரமே சந்தையாக இருக்கும்.

உங்கள் தோட்டத்திலேயே என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். தொழிற்சாலைச் சுவரிலும் பங்களா முகப்பிலும் சேற்றுக் கிண்ணம் போலக் கூடு கட்டுவது மலைத் தகைவிலான். ஓடைக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், வயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டி வெளிநாட்டு விருந்தாளி. ஒக்டோபரில் வந்து ஏப்ரலில் போய்விடும். மரக்கறித் தோட்டத்துக் கம்பில் உட்கார்ந்திருக்கும், சிறகில் வெள்ளைக் கீற்று உள்ள சின்னக் கறுப்புக் குருவி புதர்ச்சிட்டு. இந்தியாவில் அது சமவெளியெங்கும் உண்டு. இலங்கையில் மலைநாட்டில் மட்டுமே வாழ்கிறது. கொழும்பில் இருப்பவர் அதைப் பார்க்க இங்கே வர வேண்டும், நீங்கள் பாடசாலைக்குப் போகிற வழியில் பார்க்கலாம். மரநுனிகளை உரசுவது போல மெதுவாக, சிறகை அடிக்காமல் மிதந்து வரும் பெரிய கரிய பருந்து கருங்கழுகு. மற்றப் பறவைகளின் கூட்டைத் தேடி முட்டையும் குஞ்சும் எடுக்கத்தான் அப்படி மெதுவாகப் பறக்கிறது.

“கழுகு கலைத்ததால் குளவி கொட்டியது” என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே, அந்தக் கழுகு பெரும்பாலும் தேன்பருந்தாக இருக்கும். குளவியின் அடையையும் தேன் அடையையும் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. பெயர் தெரியாவிட்டாலும் நம் பெண்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், “அது வட்டம் போட்டா நாங்க அந்த மலையில நிக்கமாட்டோம் சேர்” என்று சொன்ன பிறகுதான் நான் அதைக் கவனிக்கத் தொடங்கினேன். தேன்பருந்தின் பழக்கம் நிச்சயமான விஷயம். ஆனால் ஒவ்வொரு குளவித் தாக்குதலுக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. காற்று, மரம் வெட்டுதல், புகை எல்லாமே கூட்டைக் கலைக்கும். பறவை மீது கோபம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி இடங்கள். உங்களுக்கு எளிதானதும் முதலாவதும் நுவரெலியா விக்டோரியா பூங்கா. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயரிடப்பட்டது. பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம், மழை வந்தால் ஒதுங்க இடம் உண்டு, பெண்கள் தனியாகப் போனாலும் கூச்சம் இல்லாத இடம். நகரத்து நடுவே இருக்கும் இந்தச் சின்னப் பூங்காவுக்கு வெளிநாட்டில் இருந்தெல்லாம் பறவை பார்க்க வருகிறார்கள் என்றால் நம்மவர்கள் நம்பமாட்டார்கள். காரணம் இரண்டு வலசைப் பறவைகள். ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரையும் அதை ஒட்டிய இமயப் பகுதியையும் தவிர வேறெங்கும் கூடு கட்டாத இந்தச் சிறு பறவை, குளிர்காலத்தைக் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நம் மலைநாட்டுக்கும் வருகிறது. ஆணின் நெஞ்சும் தொண்டையும் செங்கல் சிவப்பு, அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. அடுத்தது வரிப்பூங்குருவி: கறுப்பு வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, இமயமலையில் இருந்து வருவது. பூங்காவுக்குள் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் விடிந்த கையோடும் பொழுது சாயும்போதும் இறங்கிப் புழு தேடும். ஒன்பது மணிக்குப் பிறகு சனம் கூடிவிடும், பறவை உள்ளே போய்விடும். ஆகவே முதல் பஸ்ஸில் போங்கள். நவம்பரில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம்.

அந்த வாய்க்கால் ஓரத்திலேயே ஆறுமணிக்குருவியையும் காணலாம். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளையும் கூப்பிடுவதால் நம் மொழியில் வந்த பெயர் இது. ஒன்பது நிறம் என்பார்கள். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் இந்தியாவில் இருந்து கடலைத் தாண்டி வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டு வாசலிலும் வகுப்பறைக்குள்ளும்கூட விழும். உங்கள் பாடசாலையில் அப்படிக் கிடந்தால் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் போகிற அட்டைப்பெட்டிக்குள், இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, பூனை இல்லாத புதர் ஓரத்தில் திறந்து விடுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.

அடுத்தது ஹோர்ட்டன் சமவெளி. 1988இல் இருந்து தேசியப் பூங்கா, 2010இல் இருந்து உலக மரபுரிமையின் ஒரு பகுதி. நம் சனம் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்து விளிம்பைப் பார்க்கத்தான் போகிறது. பள்ளத்தை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறது. பறவைக்காகப் போகிறவருக்கு அந்த நடையை விட வீதியோரம் நல்லது. இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகள் 33 அல்லது 34. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். அவற்றில் ஆறு மலையை விட்டுப் பெரும்பாலும் இறங்காதவை: மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கல்நீல ஈப்பிடிப்பான், இலங்கைக் காட்டுப்புறா, புதர்க்கதிர்க்குருவி, அரெங்கா என்று பெயர் பெற்ற இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி. ஆறையும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய இடம் இது. முதல் மூன்றும் ஏறக்குறைய நிச்சயம். காட்டுப்புறா பழம் பழுக்கும் இடத்தைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்கும், கிடைத்தால் கிடைத்தது. அரெங்காவுக்குப் பட்டிப்பொல வழியில் வீதியோரம் இருக்கும் சிறு குட்டையில் வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்னே நிற்க வேண்டும். குட்டைக்கே அரெங்கா குளம் என்று பெயர். பட்டிப்பொல வரை ரயிலில் போகலாம், இலங்கையிலேயே உயரமான நிலையம் அதுதான். ஆனால் ரயிலில் வந்து இறங்கினால் விடிகாலைப் பறவை தப்பிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து இருட்டோடு ஒரு வேன் பிடிப்பதே வழி. பொலித்தீன் பையை வாயிலில் வாங்கிவிடுவார்கள், சோற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போங்கள். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் புல்லில் உறைபனி கிடக்கும். காலுறை இரண்டு சோடி வேண்டும்.

ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரம் பயிரிடத் தொடங்கப்பட்ட இடம். சீத்தா எலிய அம்மன் கோயிலுக்குப் போகிற நாளிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கீழ்த்தோட்டத்தை விட, மேலே காட்டை ஒட்டிய எல்லைக்குப் போங்கள். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் பழம் தின்னும். நுவரெலியாவுக்குள்ளேயே கல்வேஸ் லேண்ட் என்று 30 ஹெக்டேருக்கும் குறைந்த ஒரு தேசியப் பூங்கா உண்டு, சனம் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த இடம். வெலிமடைப் பக்கம் சர்ரே தோட்டத்தில் பழுப்பு மர ஆந்தையைப் பகலிலேயே பார்க்கலாம் என்பது பறவை பார்க்கிறவர்களுக்குள் பிரசித்தம். அது தனியார் தோட்டம், கேட்டுத்தான் போக வேண்டும். கண்டிக்குப் போனால் தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தக் கெலே காடு, பேராதனையில் மகாவலி வளைத்து ஓடும் பூங்கா. ஹட்டனில் இருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் கித்துல்கல. அது மலையடிவார மழைக்காடு, பறவைகளே வேறு. 2001இல் கண்டுபிடித்து 2004இல் புதிய இனமாக அறிவித்த செரண்டிப் சின்ன ஆந்தை அந்தப் பக்கத்துக் காடுகளில் வாழ்கிறது. வழிகாட்டி இல்லாமல் அதைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் தலவாக்கலையிலேயே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. நீர்க்காகமும் கொக்கும் எண்ணப் பழக அது போதும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் முகம். மே தொடங்கி செப்டெம்பர் வரை அட்டையும் மழையும் தவிர அதிகம் காணமாட்டீர்கள். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்திருக்கும், அங்கே போகலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் நல்லது.

குழுக்களுக்கு வருகிறேன். நாட்டளவில் இரண்டை நிச்சயமாகச் சொல்லலாம். ஒன்று, 1976இல் தொடங்கப்பட்ட இலங்கை களப் பறவையியல் குழு. பேராசிரியர் சரத் கொட்டகம முன்னின்று உருவாக்கியது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்குகிறது. விரிவுரை, களப் பயணம், புதியவர்களுக்கான பயிற்சி எல்லாம் நடத்துகிறார்கள். மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனமுவந்து சேர்ப்பார்கள். இரண்டாவது, 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம். இது பழையது, சின்னது, பதிவுகளில் மிகக் கண்டிப்பானது. ஜனவரியில் ஆசியா எங்கும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில் நடத்துவது இவர்கள்தான். பறவைக்கென்றே இல்லாவிட்டாலும், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் இயங்கும் இளம் விலங்கியலாளர் சங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நல்ல வாசல்.

தமிழில் பேசுவார்களா என்று கேட்டீர்கள். நான் போன கூட்டங்களில் கேட்டது சிங்களமும் ஆங்கிலமும். 1990களின் கடைசியில் முதல் தடவை போனபோது, ஒரு பக்கம் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஹட்டன் பஸ் ஏறினேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. மூன்றாவது பயணத்தில், சத்தத்தை மட்டும் வைத்து வேறொரு கதிர்க்குருவி என்று நான் காட்டிய இடத்தில் அது உண்மையில் புதர்க்கதிர்க்குருவியாக இருந்தது. பக்கத்தில் நின்ற சிங்கள நண்பர் தோளில் கை போட்டு வித்தியாசத்தைக் கேட்கச் செய்தார். அதற்குப் பிறகு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ஆகவே போங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

நான் மனதாரச் சொல்ல வருவது இதுதான்: உங்கள் குழு உங்கள் தோட்டத்தில்தான் தொடங்க வேண்டும். மலைநாட்டுப் பறவைகளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் பங்களாவில் இருந்தவர்கள். அரெங்காவின் விஞ்ஞானப் பெயரில் இருப்பது சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயர், 1872இல் வைத்தது. இலங்கைப் பறவைகளுக்கு 1955இல் வழிகாட்டி நூல் எழுதிய ஜி. எம். ஹென்றி பிறந்ததும் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான், துரை வீட்டுப் பிள்ளையாக. அவர்கள் செய்தது பெரிய வேலை. அதே மலையில் அதே காலத்தில் கூடையோடு நின்ற நம் பாட்டிகளும் அந்தப் பறவைகளைத்தான் பார்த்தார்கள். அவர்கள் வைத்த பெயரும் சொன்ன பழக்கமும் ஒரு தாளிலும் ஏறவில்லை. கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண் வருடத்தில் பறவையோடு கழிக்கும் நேரம், வார இறுதியில் பைனாகுலரோடு வருகிற எவரையும் விடப் பல மடங்கு. ஆகவே உங்கள் முதல் உறுப்பினர் பைனாகுலர் வைத்திருக்கிறவர் அல்ல. உங்கள் அம்மா, பக்கத்து லயத்து ஆச்சி. அவர்கள் சொல்கிற பெயரை அப்படியே எழுதி, எந்த டிவிஷன், எந்த மாதம் என்றும் எழுதுங்கள். பிறகு படத்தோடு பொருத்திப் பாருங்கள்.

எழுதும் முறை எளிது. மூன்று பேர் போதும். பாடசாலையில் இருந்து ஓடை வரை ஒரு கிலோமீட்டர் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு தடவை, காலை ஆறரைக்கு, அதே பாதையில் அதே வேகத்தில் நடங்கள். திகதி, நேரம், வானிலை, எந்தப் பறவை, எத்தனை என்று எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளையும் எழுத வேண்டும், அதுவும் ஒரு தகவல். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாமல், “பெயர் தெரியாத சின்னப் பழுப்புக் குருவி, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டியது” என்று எழுதுங்கள். ஒரு வருடம் ஆனதும் அதை, உலகெங்கும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் இலவசமாக ஏற்றலாம். சந்தேகமான பதிவுகளைப் பரிசோதிக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், அதிலிருந்து நிறையப் படிக்கலாம். பெப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய வீட்டுமுற்றப் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளைச் சேருங்கள், பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 அல்லது 8×32. முதல் எண் பெருக்கம், இரண்டாவது கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். காட்டு நிழலுக்கும் மூடுபனிக்கும் 42 நல்லது. அதற்கு மேல் பெருக்கம் வேண்டாம், கை நடுங்குவது தெரியும். மூன்று பேருக்கு ஒன்று போதும். கைபேசியில் மேர்லின் செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஆலோசனையாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்க்காததை அது சொன்னதற்காகப் பதிவு செய்ய வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். என் இருபதுகளில் ஒரு தோட்டத்தில் பங்களா வேலிக்கு வெளியே பைனாகுலரோடு நின்றதற்காக என்னை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் கதைத்த பிறகுதான் விட்டார்கள். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்போது எந்தப் புதுத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் தோட்டத் தலைவரிடமும் அலுவலகத்திலும் சொல்கிறேன். நீங்கள் ஆசிரியை என்பதால் பாடசாலைக் கடிதம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அணைக்கட்டுப் பக்கம் பைனாகுலரைத் தூக்கினால் பொலிஸார் விசாரிப்பார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காட்டு ஓரத்தில் சுருக்குக் கம்பி கிடக்கலாம். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டி இறந்த கதை நம் தோட்டங்களில் எத்தனை. விடிகாலையிலும் மாலையிலும் சிறுத்தை நடமாடும், ஆகவே தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்களைக் காண்பீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவையைக் குஞ்சிடம் இருந்து இழுத்துவிடும், நான் செய்வதில்லை. பாதுகாக்கப்பட்ட பறவையின் குஞ்சைப் பிடித்து வளர்ப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

லயத்துச் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பொந்துகள் புதுவீடு வரும்போது மறைவது நிச்சயம். குஞ்சுக்கு ஊட்டப் புழு கிடைப்பது குறைந்திருக்கும் என்பது நியாயமான எண்ணம். கோபுரம் என்பது நிரூபிக்கப்படாத கதை. உங்கள் தோட்டத்தில் உண்மையில் குறைந்திருக்கிறதா என்று பத்து வருடம் எண்ணிய நோட்டுப் புத்தகம்தான் சொல்ல முடியும்.

கடைசியாக உங்கள் ஓடைக் குருவி. நீங்கள் எழுதிய ஒரு வரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று கரும்பூங்குருவி: உடம்பு முழுக்க ஈயம் போன்ற நீலக்கறுப்பு, அலகும் கண்வளையமும் செம்மஞ்சள், மரக்கறிப் பாத்திக்கும் துணிந்து வரும், மாலையில் இனிமையாகப் பாடும். மலைநாட்டில் சாதாரணமாகக் காணக்கூடியது. மற்றது அரெங்கா: அலகு கறுப்பு, ஆணின் தோளில் மின்னும் நீலத் திட்டு, பெண் பழுப்பு, அதற்கும் தோளில் நீலம் உண்டு. காட்டு நிழலை விட்டு வெளியே வராது, ஓடைக் கல்லில் தவளையும் பூச்சியும் பிடிக்கும். பாட்டை விட, காதைக் கிழிக்கிற ஒற்றைச் சீழ்க்கைதான் அதன் அடையாளம். உலகளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் பறவை அது. ஓடையின் இரு கரையிலும் காடு மூடியிருந்தால் மட்டுமே இரண்டாவதை நினைக்கலாம். யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலைந்து நாள் ஒரே இடத்தில், ஐந்தே முக்கால் மணியில் இருந்து அசையாமல் உட்காருங்கள். அலகின் நிறத்தை முதலில் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கறுப்பு என்றால் இடத்தை ஊரெல்லாம் சொல்லாமல், திகதியோடும் நேரத்தோடும் எனக்கு எழுதுங்கள், அடுத்த ஞாயிறே முதல் பஸ்ஸில் வருகிறேன்.